சின்ன எஃகுப் பாகங்களைப் பதம் செய்ய எந்த டார்ச்?

டார்ச் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் பார்ப்பது பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் டிகிரி எண்ணைத்தான். நானும் அப்படித்தான். 1300 டிகிரி என்று போட்டிருந்த, உள்ளங்கையில் அடங்குகிற பியூட்டேன் டார்ச் ஒன்றை வாங்கிவந்தேன். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்த 800 டிகிரி போதுமே, இது தாராளம் என்று கணக்குப்போட்டு, 12 மி.மீ. தடிமனான ஒரு எஃகுப் பஞ்சின் (சுத்தியலால் தட்டித் துளையோ குறியோ போடும் கருவி) நுனியில் பிடித்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, கேஸ் தீர்ந்தது, விரல் சுட்டது, பஞ்ச் மட்டும் மங்கலாகக்கூடச் சிவக்கவில்லை. டார்ச்சில் குறை ஒன்றும் இல்லை. நான் பார்த்த எண்தான் தப்பான எண்.

சுடரின் வெப்பநிலை வேறு, சுடர் கொடுக்கும் வெப்பத்தின் அளவு வேறு. தீக்குச்சிச் சுடரும் ஆயிரம் டிகிரியைத் தாண்டும், அதை வைத்து ஒரு சுத்தியலைப் பழுக்கக் காய்ச்ச முடியுமா? காற்றில் எரியும் பியூட்டேன், புரோப்பேன், மேப் கேஸ் (டார்ச்சுக்கென்று சிலிண்டரில் விற்கும் இன்னொரு எரிவாயு) மூன்றின் சுடரும் கோட்பாட்டுக் கணக்குப்படி 2000 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான். அதனால் அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பார்க்க வேண்டியது, ஒரு மணி நேரத்தில் டார்ச் எவ்வளவு கேஸ் எரிக்கிறது என்பதை. பெட்டியில் கிராம் கணக்கிலோ கிலோவாட் கணக்கிலோ எங்காவது ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். மணிக்கு 100 கிராம் புரோப்பேன் எரித்தால் ஏறக்குறைய 1.3 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம், சூடான பாகம் சும்மா இருக்காது, வாங்கிய வெப்பத்தைச் சுற்றிலும் வீசிக்கொண்டே இருக்கும். 800 டிகிரியில் கருத்த எஃகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 6 வாட்டைக் கதிர்வீச்சாகவே இழக்கிறது. 12 மி.மீ. தடிமனும் 10 செ.மீ. நீளமும் உள்ள கம்பியின் மேற்பரப்பு சுமார் 40 சதுர சென்டிமீட்டர். முழுக் கம்பியையும் 800 டிகிரியில் வைத்திருக்கவே 240 வாட் இடைவிடாமல் உள்ளே போயாக வேண்டும். 1.3 கிலோவாட் டார்ச்சின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு கம்பிக்குள் ஏறுகிறது, மீதி காற்றோடு போகிறது என்று வைத்தால், வரவும் செலவும் அங்கேயே சமமாகிவிடும். அதற்குமேல் நீங்கள் எவ்வளவு நேரம் பிடித்தாலும் நிறம் ஏறாது. இதே கணக்கை 2 மி.மீ. தடிமனும் 3 செ.மீ. நீளமும் உள்ள ஊசிக்குப் போட்டால் 12 வாட்தான் வருகிறது, அதற்கு அந்த உள்ளங்கை டார்ச்சே போதும்.

ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு பெரிய பாகம், அதில் எவ்வளவு நீளம் சிவக்க வேண்டும் என்பது. உளிக்கும் பஞ்சுக்கும் முனையில் 2, 3 சென்டிமீட்டர் சிவந்தால் போதும். சின்னக் கத்திக்கு அலகு முழுவதும் ஒரே நிறத்தில் வர வேண்டும், அது வேறு வேலை.

கையடக்கப் பியூட்டேன் டார்ச்

3 மி.மீ.க்கு உட்பட்ட கம்பி, சின்ன ஸ்பிரிங், கடிகார வேலைக்கான ஸ்குரூடிரைவர் முனை, செதுக்கு ஊசி, இந்த அளவுக்கு இது சரியான கருவி. லைட்டர் கேஸ் ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம். குளிரில் மட்டும் சிணுங்கும். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரிதான் கீழே, அதனால் குளிரான அறையில் அழுத்தம் விழுந்து சுடர் சோர்ந்துவிடும். மேசையில் நிற்கும்படி அகலமான அடிப்பாகமும், கையை எடுத்தாலும் தொடர்ந்து எரிய வைக்கும் பூட்டும் இருப்பதாகப் பாருங்கள். ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் சூடு பார்க்கும் காந்தம் என்று இருக்கும்போது டார்ச்சின் விசையை யார் அழுத்திக்கொண்டிருப்பது?

சிலிண்டர்மேல் மாட்டும் கை டார்ச்

குழாய் பற்றவைப்பவர்கள் வைத்திருப்பார்களே, அது. 400 கிராம் சொச்சம் பிடிக்கும் சின்ன சிலிண்டர், அதன் தலையில் திருகி மாட்டும் பர்னர். பொழுதுபோக்காகச் செய்கிற பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது இதைத்தான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.

முதலில் சுடரின் வடிவம். சில பர்னர்கள் பென்சில் மாதிரி ஒல்லியான, கூர்மையான சுடர் தரும். சிலவற்றில் குழாய்க்குள் சின்னச் சுழல் தகடு இருக்கும், கேஸ் சுழன்று வெளியே வந்து பாகத்தைச் சுற்றி அணைத்தாற்போல எரியும். பதம் செய்யும் வேலைக்குச் சுழல் சுடர்தான் வேண்டும். பென்சில் சுடர் ஒரே புள்ளியைக் காய்ச்சும். மெல்லிய விளிம்பு வெளுத்துக் கருகும், அரை அங்குலம் தள்ளிக் கறுப்பாகவே இருக்கும்.

அடுத்தது ரெகுலேட்டர் உள்ள டார்ச்சா, இல்லாததா என்பது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே அழுத்தக் கட்டுப்பாடு இருக்கும் டார்ச்சைக் கவிழ்த்துப் பிடித்தாலும், சிலிண்டர் கொஞ்சம் குளிர்ந்தாலும் சுடர் நிதானமாகவே எரியும். இல்லாததைச் சாய்த்தால் திரவக் கேஸ் ஜெட் வரை வந்து மஞ்சள் சுடர் ஓர் அடிக்குப் பாயும், புருவம் போகும். விலை கூடுதலானாலும் ரெகுலேட்டர் உள்ளதையே எடுங்கள். சேமிக்க வேண்டுமானால் பற்றவைக்கும் விசையில் சேமியுங்கள். அந்த பொறித் தட்டிதான் முதலில் கெட்டுப்போகும், கெட்டால் பலவற்றில் மொத்த டார்ச்சும் பயன்படாது. திருகு குமிழ் மட்டும் உள்ள சாதாரண டார்ச்சும், கையில் தட்டும் தீப்பொறிக் கருவியும் வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் ஓடும்.

டார்ச்சும் சிலிண்டரும் பொருந்துமா என்பதையும் பாருங்கள். திருகு மாட்டுவதில் அகன்ற மரை, ஒல்லி மரை என்று வெவ்வேறு முறைகள் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றில் ஏறாது. உங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கும் சிலிண்டர் எது என்று பார்த்துவிட்டு, அப்புறம் அதற்கேற்ற டார்ச்சைத் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சிலிண்டருக்கு அலைகிறார்கள். வால்வே இல்லாமல் ஊசி குத்தித் திறக்கும் கேன்கள் உண்டு, பாதியில் கழற்றினால் மிச்சக் கேஸ் அத்தனையும் வெளியே வந்துவிடும், அவை வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிலிண்டரை வீட்டில் மறுபடி நிரப்புகிறேன் என்று இறங்காதீர்கள்.

புரோப்பேனா, மேப் கேஸா? பழைய அசல் மேப் கேஸ் 2008-இல் வட அமெரிக்காவில் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது மஞ்சள் சிலிண்டரில் அந்தப் பெயரை ஒட்டி வருவது பெரும்பாலும் புரோப்பிலீன். புரோப்பேனைவிடச் சுடர் கொஞ்சம் சூடு, திறந்தவெளியில் வேலை செய்தால் வித்தியாசம் தெரியும். அதன் விலை வித்தியாசத்தில் இரண்டு செங்கல் வாங்கினால் புரோப்பேனே போதும் என்பது என் கணக்கு. செங்கல்லுக்கு வருவோம்.

டார்ச்சைவிட முக்கியமான செங்கல்

என் பஞ்ச் கடைசியில் சிவந்தது புது டார்ச்சால் மட்டும் இல்லை. இரவல் வாங்கிய ஒரு சாதாரண புரோப்பேன் டார்ச்சும், எடை குறைந்த இரண்டு வெப்பக்காப்புச் செங்கல்லும் சேர்ந்து, மூன்று நான்கு நிமிடத்தில் வேலையை முடித்தன. அதே டார்ச்சைச் செங்கல் இல்லாமல் பிடித்துப் பார்த்தேன், மங்கிய சிவப்போடு நின்றுவிட்டது.

காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. பாகம் வீசும் வெப்பத்தைச் சுற்றியிருக்கும் சுவர் வாங்கி, தானும் சிவந்து, திருப்பி வீசினால் இழப்பு பெருமளவு குறைந்துவிடும். கொல்லன் உலையில் கரி பொருளைச் சுற்றிக் குவிந்திருக்கிறதே, அதே வேலைதான்.

ஆனால் எல்லாச் செங்கல்லும் ஆகாது. உலைக்கென்று விற்கும் செங்கலில் இரண்டு சாதி. கனமான வகை ஒன்று மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும், எத்தனை காய்ச்சினாலும் தாங்கும், ஆனால் உங்கள் டார்ச் தரும் வெப்பத்தை எல்லாம் முதலில் அதுவே குடித்துவிடும். நமக்கு வேண்டியது நுரை போன்ற துளைகள் நிறைந்த இலகு வகை. அதே அளவில் ஒரு கிலோகூட இருக்காது, 1260 டிகிரி வரை தாங்கும் என்று குறித்திருக்கும், பழைய ஹாக்சா பிளேடால் சோப்பு மாதிரி அறுக்கலாம். சாதாரண வீட்டுச் செங்கல், சிமென்ட் கல், ஆற்றுக்கல் எதையும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகிச் சில்லு தெறிக்கும், கண்ணுக்கு நேராக.

செய்முறை எளிது. இரண்டு செங்கலின் அகன்ற முகங்களில் நீளவாக்கில் அரைவட்டப் பள்ளம் சுரண்டி, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தால் 3, 4 செ.மீ. விட்டத்தில் ஒரு சுரங்கம் கிடைக்கும். பக்கவாட்டில் ஒரு துளை, சுரங்கத்தின் நடுவைப் பார்த்து இல்லாமல் ஓரத்தை ஒட்டி. அப்போது சுடர் உள்சுவரைச் சுற்றிச் சுழன்று போகும், பாகத்தின்மேல் நேராக அடிக்காது. செங்கல் எப்படியும் விரிசல் விடும், வெளியே கம்பியால் கட்டிவிட்டால் விரிசலோடே பல மாதம் ஓடும். டார்ச்சின் முனையைத் துளைக்குள் செருக வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். உள்ளே செருகினால் காற்று போதாமல் சுடர் திணறும், பர்னர் முனையும் உருகிச் சிதையும்.

சுரங்கத்தை எவ்வளவு சின்னதாகச் செய்கிறீர்களோ அவ்வளவு சின்ன டார்ச் போதும். பெரிய கத்திக்கும் இதுவே ஆகட்டும் என்று பெரிதாகக் குடைந்தால் இரண்டுக்கும் ஆகாது. செங்கல் மலிவு, இரண்டாவது ஒன்று குடைந்துகொள்ளுங்கள்.

செராமிக் நார்ப் போர்வையைச் சிலர் சொல்வார்கள். வெப்பக்காப்பில் செங்கல்லைவிட நல்லது, சந்தேகம் இல்லை. ஆனால் அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, மேலே கெட்டிப்படுத்தும் பூச்சு அடிக்காமல் பயன்படுத்தக் கூடாது. சின்னப் பாகத்துக்கு அந்தத் தொல்லை தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். சுரங்கத்தின் வாயிலிருந்து அடிக்கும் அனல் நேராகக் கையில் இருக்கும் சிலிண்டர் பக்கம்தான் வரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் காய்ச்சும் வேலை என்றால் ஹோஸ் வைத்த டார்ச் வாங்குங்கள். சிலிண்டர் ஒன்றரை மீட்டர் தள்ளி நிமிர்ந்து நிற்கும், கையில் எடையும் இருக்காது. நான் மறுபடி முதலிலிருந்து வாங்குவதாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

பெரிய சிலிண்டரும் பர்னரும்

கத்தி நீளத்துக்குச் சிவக்க வேண்டும், அல்லது நாள் முழுக்க வேலை என்றால் சின்ன சிலிண்டர் கட்டுப்படியாகாது. கேஸ் வேகமாக ஆவியாகும்போது சிலிண்டரே குளிர்ந்து, வெளியே பனி படிந்து, அழுத்தம் குறைந்துவிடும். பெரிய சிலிண்டர், ஹோஸ், காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் வென்சுரி பர்னர் என்று போக வேண்டியதுதான். கிராம் கணக்கில் பார்த்தால் கேஸ் மிக மலிவு.

இங்கே பலர் சறுக்குவது ரெகுலேட்டரில். அடுப்புக்கான ரெகுலேட்டர் ஏறக்குறைய 30 மில்லிபார்தான் தரும், வென்சுரி பர்னருக்கு அது வெறும் மூச்சுக்காற்று அளவுதான், போதாது. அதற்கு வேண்டியது 0 முதல் 2 பார் வரை திருகி மாற்றக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டர், கூடவே ஒரு அழுத்தமானி. மலிவான தொகுப்பு சிலவற்றில் ரெகுலேட்டரே இருக்காது, சிலிண்டர் வால்வில் நேராக மாட்டச் சொல்வார்கள். அதைத் தொடாதீர்கள். ஹோஸ் எரிவாயுவுக்கென்றே அச்சிட்டதாக இருக்க வேண்டும், தோட்டத்துக் குழாய் வேலைக்கு ஆகாது. எரிவாயு இணைப்புகள் பெரும்பாலும் இடது மரை, எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகும். ஏறவில்லையே என்று பலம் காட்டி மரையைக் கெடுத்தவர்கள் அதிகம்.

ஆக்சிஜன் அசிட்டிலினை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சுடர் 3000 டிகிரிக்கும் மேல். ஒரு விநாடி அசந்தால் உளியின் முனை சொட்டாக விழும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், சுடரைப் பெரிதாக்கி, தூரத்தில் பிடித்து, ஆட்டிக்கொண்டே காய்ச்சலாம். பதம் செய்வதற்கென்றே புதிதாக வாங்குவது காசுக்குக் கேடு. சின்ன டார்ச்சோடு தொகுப்பாக விற்கும் குட்டி ஆக்சிஜன் சிலிண்டரும் அப்படித்தான், எரிகிற நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும்.

வாங்கியதும்

எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படிந்து கிடக்கும், அதனால் பள்ளமான அறையோ அடித்தளமோ வேண்டாம். சுரங்கத்துக்குள் காற்று குறைவாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். துத்தநாகம் பூசிய போல்ட்டையோ கம்பியையோ காய்ச்சாதீர்கள், அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். எண்ணெயில் முக்குவதாக இருந்தால் உலோகப் பாத்திரம், அதற்குப் பொருந்தும் மூடி இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும், எண்ணெய் தீப்பிடித்தால் மூடிதான் அணைக்கும்.

டார்ச்சால் செய்ய எந்த எஃகு ஏற்றது என்பதும் செலவைத் தீர்மானிக்கும். 0.8 முதல் 1.2 சதவீதம் வரை கார்பன் உள்ள எளிய எஃகு, அதாவது சில்வர் ஸ்டீல், 1084, 1095 என்ற எண்ணில் விற்கும் எஃகு வகைகள், பழைய அரம், இவை டார்ச்சுக்குப் பணியும். மைல்ட் ஸ்டீலை எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் சொல்லும்படி கடினமாகாது, டார்ச்சைத் திட்டிப் பயனில்லை. டி2 என்ற கருவி எஃகு, ஸ்டெயின்லெஸ் போன்றவற்றுக்கு 1000 டிகிரியில் நெடுநேரம் நிலையாக வைத்திருக்க வேண்டும், அது மின்னுலை வேலை.

வெப்பமானி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், காந்தம் போதும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டு அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஒட்டாமல் போன பிறகு நிறம் இன்னும் ஒரு பிடி ஏறட்டும், அங்கே சில விநாடி வைத்து எடுத்து முக்குங்கள். மங்கிய வெளிச்சத்தில் செய்யுங்கள், வெயிலில் எஃகின் நிறம் ஏமாற்றும், சிவக்கவில்லை என்று நினைத்துக் கருக்கிவிடுவோம். எண்ணெய் 50 டிகிரி போல வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. முக்கியதும் அரத்தால் தேய்த்துப் பாருங்கள், அரம் கடிக்காமல் வழுக்கினால் கடினமாகிவிட்டது. அப்போது அது கண்ணாடிபோல, கீழே போட்டால் உடையும், அதே நாளில் பதத்தை இறக்கிவிட வேண்டும், அதாவது மறுபடி இளஞ்சூடாகக் காய்ச்சி அந்த உடையும் குணத்தைக் குறைக்க வேண்டும்.

பதம் இறக்கத்தான் அந்த உள்ளங்கை டார்ச் எனக்குக் கடைசியில் உதவியது. பாகத்தை எமரித் தாளால் வெளுக்கத் தேய்த்து, முனையை விட்டுவிட்டுத் தடித்த பின்பக்கத்தில் சின்னச் சுடரைக் காட்டினால், நிறங்கள் மெதுவாக முனையை நோக்கி ஓடிவரும். 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம், 255 போலப் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். செதுக்கு ஊசிக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவேன், பஞ்சுக்கும் உளிக்கும் ஊதா தொடும்போது, ஸ்பிரிங்குக்கு நீலம் முழுதாக ஓடிய பிறகு. பெரிய சுடரில் இந்த ஓட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், பிடிக்கவே முடியாது. பெரிய டார்ச் மட்டும் வைத்திருப்பவர்கள், ஓர் இரும்புத் தகட்டை அதால் காய்ச்சி, அந்தத் தகட்டின்மேல் பாகத்தை வைத்து நிறத்தைப் பார்க்கலாம், அதற்குத் தனி டார்ச் வாங்க வேண்டியதில்லை.